பிளாக் கன்ட்ரியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பர்மிங்காம் நகரை ஒட்டி மேற்கே பரந்திருக்கும் பிளாக் கன்ட்ரி என்னும் பழைய நிலக்கரி, இரும்புத் தொழில் வட்டாரத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதையொட்டி நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் கடிதங்கள் பல வந்திருப்பதால், இம்மாதக் கேள்வி பதில் பகுதியை முழுவதுமாக அந்த வட்டாரத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகள் டட்லி நகரில் செவிலியராகப் பணிபுரிகிறாள். வரும் கோடையில் நானும் என் கணவரும் அங்கே சென்று தங்க இருக்கிறோம். மருமகனோ, "இது கரியும் இரும்பும் இருந்த ஊர், அத்தை, இங்கே பார்க்க ஒன்றுமில்லை, லண்டனுக்குக் கூட்டிப் போகிறேன்" என்கிறார். உண்மையிலேயே ஒன்றும் இல்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, குன்னூர்

பதில்: லண்டனுக்கும் போய் வாருங்கள், அம்மா. ஆனால் டட்லியில் தங்கிக்கொண்டே டட்லியைப் பார்க்காமல் திரும்பி விடாதீர்கள். டட்லி, சாண்ட்வெல், வால்சால், உல்வர்ஹாம்டன் ஆகிய நான்கு நகராட்சிப் பகுதிகள் சேர்ந்ததே இன்றைய பிளாக் கன்ட்ரி. நிலக்கரி, இரும்புத் தாது, சுண்ணாம்புக்கல், உலைகளுக்கான களிமண் ஆகிய எல்லாம் ஒரே இடத்தில், அதுவும் அதிக ஆழமில்லாமல் கிடைத்ததால், உலக வரலாற்றையே திருப்பிய சில வேலைகள் அங்கே தொடங்கின.

அவற்றுள் முதன்மையானது தாமஸ் நியூகோமன் 1712ஆம் ஆண்டில் டட்லி கோட்டைக்கு அருகே நிறுவிய நீராவி எஞ்சின். சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்க ஆள்பலமும் குதிரைபலமும் போதாத நிலையில், உருளைக்குள் நீராவியை நிரப்பி, உருளையின் உள்ளேயே குளிர்ந்த நீரைத் தெளித்து நீராவியைச் சுருங்கச் செய்து, உள்ளே உண்டாகும் வெற்றிடத்தை நோக்கி வெளிக்காற்றின் அழுத்தம் உந்துதண்டைத் தள்ளுமாறு அவர் அமைத்தார். ஜேம்ஸ் வாட் தம் மேம்பாடுகளைச் செய்வதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே இயங்கிய எஞ்சின் இது. அது செயல்பட்ட ஊரில் இன்று அதன் முழு அளவு மாதிரி ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. அதை நெருப்பு மூட்டி இயக்கியும் காட்டுவார்கள். இயக்கும் நாள் எதுவென்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு செல்லுங்கள், ஏனென்றால் நின்றுகொண்டிருக்கும் எஞ்சினைப் பார்ப்பதும் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும் எஞ்சினைப் பார்ப்பதும் ஒன்றல்ல.

அந்த மாதிரி இருக்கும் இடம் 1978இல் திறக்கப்பட்ட பிளாக் கன்ட்ரி வாழ்வியல் அருங்காட்சியகம். 26 ஏக்கர் பரப்பில் அமைந்த இது, கண்ணாடிப் பெட்டிக்குள் பொருள்களை வைத்துக் காட்டும் இடம் அன்று. இடிக்கப்பட இருந்த கடைகளையும் வீடுகளையும் பட்டறைகளையும் செங்கல் செங்கலாகக் கழற்றி எடுத்து வந்து, கால்வாய்க் கரையில் மீண்டும் ஒரு தெருவாகக் கட்டியிருக்கிறார்கள். கொல்லர் சங்கிலி வளையத்தை அடித்து இணைப்பதை எதிரே நின்று பார்க்கலாம். தொழிலாளர் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்து அடுப்பருகே உட்காரலாம். இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

அருங்காட்சியகத்தின் அருகிலேயே டட்லி கால்வாய்ச் சுரங்கத்துக்குப் படகு செல்கிறது. 1792இல் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கத்தின் நீளம் ஏறக்குறைய 2.9 கிலோமீட்டர். குதிரை நடந்து படகை இழுக்க உள்ளே பாதை இல்லாததால், படகோட்டிகள் படகின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, சுவரைக் கால்களால் உதைத்து உதைத்தே சரக்கைக் கடத்திச் சென்றார்கள். கோட்டை மலையில் 1937இல் திறக்கப்பட்ட விலங்குக்காட்சிச் சாலையும் உண்டு. விலங்குகளை விட, கட்டடக் கலைஞர் லுபெட்கின் தலைமையிலான டெக்டன் குழுவினர் அங்கே எழுப்பிய வளைந்து நெளிந்த கான்கிரீட் கட்டடங்களுக்காகவே கட்டடக்கலை மாணவர்கள் வருகிறார்கள். நேரமிருந்தால் வேர்ட்ஸ்லியில் உள்ள ரெட் ஹவுஸ் கண்ணாடி உலைக் கூம்பையும் பாருங்கள். உள்ளே நடுவில் உலை, அதைச் சுற்றிக் கண்ணாடி ஊதுவோர், தலைக்கு மேலே 100 அடி உயரத்துக்குக் குறுகிச் செல்லும் செங்கல் கூம்பு என்று, கட்டடமே புகைபோக்கியாகவும் தொழிற்கூடமாகவும் அமைந்த விந்தை அது.

கேள்வி: டைட்டானிக் கப்பலின் நங்கூரம் அந்த வட்டாரத்தில்தான் செய்யப்பட்டது என்று கேள்விப்பட்டேன். அங்கே கடலே இல்லையே?
– தொழிற்சாலை ஊழியர், அரவங்காடு

பதில்: செய்தி உண்மைதான். டட்லியை அடுத்த நெதர்டனில் இருந்த நோவா ஹிங்லி நிறுவனம் ஏறத்தாழ 16 டன் எடையுள்ள அந்த நடு நங்கூரத்தை 1911இல் செய்து அளித்தது. அதை வண்டியில் ஏற்றி டட்லி ரயில் நிலையம் வரை கொண்டு செல்ல 20 குதிரைகள் பூட்டப்பட்டன. கடல் இல்லாத குறையை முதலில் கால்வாய்களும் பின்னர் ரயிலும் தீர்த்து வைத்தன. சங்கிலிகளையும் நங்கூரங்களையும் இழுத்துப் பார்த்துச் சான்று வழங்கும் சோதனைக் கூடமும் நெதர்டனிலேயே இருந்தது. நங்கூரத்தின் மாதிரி ஒன்றை இன்று அங்கே வெளியில் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: என் தாயார் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொழுந்து பறித்தவர். நீங்கள் எழுதுகிற தொழில் வரலாறுகளில் எஞ்சின் செய்தவரும் முதலாளியும்தான் வருகிறார்கள். அந்த ஊரில் பெண் தொழிலாளர்களுக்கு ஏதேனும் நினைவிடம் இருக்கிறதா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: இருக்கிறது, சகோதரி. இக்கேள்வியை எழுதியதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஏனென்றால் பிளாக் கன்ட்ரியில் எதைப் பார்க்காமல் விட்டாலும் இதை விடக்கூடாது என்று நான் கருதுவது இதைத்தான்.

கப்பல்களுக்கான பெரிய சங்கிலிகளை ஆண்கள் தொழிற்சாலைகளில் செய்தார்கள். கிரேட்லி ஹீத் என்னும் சிற்றூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும், மெல்லிய சங்கிலிகளைப் பெண்கள் தம் வீட்டுப் புழக்கடையில் இருந்த சிறு உலைக்கூடங்களில் அடித்தார்கள். கைக்குழந்தையைப் பக்கத்தில் கிடத்திவிட்டு, துருத்தியை இயக்கி, இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, வெட்டி, வளைத்து, அடித்து இணைத்து, வாரம் முழுவதும் உழைத்தால் பலருக்குக் கிடைத்தது ஐந்தாறு ஷில்லிங். இடைத்தரகர் இரும்பைக் கொடுத்துவிட்டுச் சங்கிலியை எடுத்துப்போவார். கூலியை அவர் சொல்வதே முடிவு.

1909இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கூலி மிகக் குறைந்த சில தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வாரியங்களை அமைக்கச் சட்டம் இயற்றியது. அவ்வாறு அமைந்த சங்கிலித் தொழில் வாரியம், பெண்களுக்கு மணிக்கு இரண்டரைப் பென்னி என்று 1910இல் நிர்ணயித்தது. பலருக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பு உயர்வு. முதலாளிகள் பலர் அதைத் தள்ளிப்போட ஒரு வழி கண்டார்கள். புதிய கூலியை ஆறு மாத காலத்துக்குக் கேட்பதில்லை என்று ஒப்புக்கொள்ளும் தாள்களை எழுதப் படிக்கத் தெரியாத பெண்களிடம் நீட்டிக் கையெழுத்துப் பெற முனைந்தார்கள். பெண் தொழிலாளர் தேசியக் கூட்டமைப்பைத் தலைமையேற்று நடத்திய மேரி மெகார்தர் அங்கே வந்து, அத்தாள்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அப்பெண்களுக்குப் புரிய வைத்தார். கையெழுத்திட மறுத்தவர்களுக்கு வேலை மறுக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான பெண்கள் பத்து வாரங்கள் தாக்குப்பிடித்தார்கள். அவர்களுள் மூத்தவரான பேஷன்ஸ் ரவுண்டுக்கு வயது 79. அக்காலத்தில் புதிதாக வந்திருந்த திரைப்படச் செய்திச் சுருள்கள் மூலம் அவர்களுடைய நிலை நாடெங்கும் தெரிந்து நிதி குவிந்தது. அக்டோபர் 1910இல் முதலாளிகள் பணிந்தார்கள்.

போராட்டம் முடிந்ததும் மிச்சமிருந்த நிதியை என்ன செய்தார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கான நேரடி விடை. அதைக்கொண்டு தொழிலாளர்கள் கூடவும் படிக்கவும் ஒரு மன்றத்தைக் கட்டி 1912இல் திறந்தார்கள். பின்னாளில் சாலைப் பணிக்காக அக்கட்டடம் இடிபடும் நிலை வந்தபோது அதைக் கழற்றி, நான் முன்பு குறிப்பிட்ட டட்லி அருங்காட்சியகத்தில் மீண்டும் நிறுவியிருக்கிறார்கள். கிரேட்லி ஹீத்தில் மேரி மெகார்தர் பெயரில் ஒரு பூங்காவும் அதில் சங்கிலி அடிக்கும் பெண் ஒருவரின் சிலையும் உண்டு.

நம் நீலகிரி மலைக்கு வருவோருக்குக் கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய கல் பங்களாவைக் காட்டுகிறோம். அது காட்ட வேண்டிய இடமே. ஆனால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளின் வரிசையில் எந்த ஒன்றையும், இங்கே இன்னார் வாழ்ந்தார், இத்தனை கிலோ கொழுந்து எடுத்தால்தான் அன்றைக்கு முழுக்கூலி என்று எழுதி வைத்துக் காட்டுவதில்லை. எடை போடும் கொட்டகை, கொழுந்துக் கூடை, வேலை நாள்களைக் குறிக்கும் செக்ரோல் பேரேடு, இடுப்பில் கட்டும் படங்குத் துணி ஆகியவற்றோடு அப்படி ஒரு லயனை இருந்தபடியே பாதுகாத்தால், உதகைப் படகு இல்லத்துக்கு வருகிற கூட்டத்தில் ஒரு பகுதியாவது அங்கே வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தங்கள் தாயாரின் நினைவுகளை அவர் சொல்லச் சொல்ல எழுதி அனுப்புங்கள். இவ்விதழில் இடம் தருகிறோம்.

கேள்வி: பிளாக் கன்ட்ரி புவிப்பூங்கா என்று யுனெஸ்கோ அறிவித்திருப்பதாகப் படித்தேன். தொழிற்சாலைகள் நிறைந்த இடம் எப்படிப் புவியியல் பூங்கா ஆகும்?
– கல்லூரி மாணவர், கொடைக்கானல்

பதில்: தொழிற்சாலைகள் அங்கே வந்ததற்குக் காரணமே அந்த நிலத்தடி என்பதால்தான் 2020இல் அந்தத் தகுதி வழங்கப்பட்டது. டட்லியில் ரென்ஸ் நெஸ்ட் என்னும் சுண்ணாம்புக்கல் குன்று இருக்கிறது. ஏறத்தாழ 43 கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்விடம் வெப்பமண்டலக் கடலின் அடித்தளம். பவளங்களும் கடல் அல்லிகளும் டிரைலோபைட் என்னும் ஓட்டுடல் உயிர்களும் அங்கே கல்லாகச் சமைந்திருக்கின்றன. இரும்பு உலையில் கசடைப் பிரிக்கச் சுண்ணாம்புக்கல் வேண்டும் என்பதற்காகக் குன்றைக் குடைந்த தொழிலாளர்கள் ஒருவகை டிரைலோபைட்டை அடிக்கடி கண்டு, அதற்கு டட்லிப் பூச்சி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது நகரின் சின்னத்திலும் இடம்பெற்றது. 1956 முதல் அக்குன்று தேசிய இயற்கைக் காப்பிடம்.

தாங்கள் பழனி மலையில் இப்படிப்பட்ட தொல்லுயிர் எச்சங்களைத் தேடிப் பயனில்லை. நம் இரு மலைகளும் பெரும்பாலும் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான சார்னோகைட் பாறையால் ஆனவை. உயிர்களின் தடயம் தங்கும் பாறை அது அன்று. ஆனால் அறிவியலைத் தேடுவதற்கு எச்சங்கள் மட்டுமே வழியல்ல. 1899இல் நிறுவப்பட்ட, சூரியனை ஆராயும் ஆய்வகம் தங்கள் ஊரிலேயே இருக்கிறது. சூரியக் கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது அங்கேதான். அறிவியல் மரபைத் தேடுபவர் முதலில் ஏறிப் பார்க்க வேண்டிய குன்று அது.

கேள்வி: நானும் ரயில்வேயில் இருந்தவன். அங்கே நீராவி ரயில் இன்னும் ஓடுகிறதா?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், மேட்டுப்பாளையம்

பதில்: வட்டாரத்தின் தென்மேற்கு எல்லைக்குச் சற்று வெளியே, கிடர்மின்ஸ்டரிலிருந்து பிரிஜ்நார்த் வரை 16 மைல் நீளத்துக்கு செவர்ன் பள்ளத்தாக்கு ரயில் பாதை இருக்கிறது. 1963இல் பயணிகள் சேவை நிறுத்தப்பட்ட அந்தப் பாதையை ஆர்வலர்கள் 1965 முதல் மீட்கத் தொடங்கி 1970இல் மறுபடி ஓடச் செய்தார்கள். சீட்டுப் பரிசோதிப்பதிலிருந்து கொதிகலனைத் துலக்குவது வரை பெரும்பகுதி வேலையைச் சம்பளம் பெறாத தன்னார்வலர்களே செய்கிறார்கள். ஆர்லிக்கு அருகே செவர்ன் ஆற்றைக் கடக்கும் 1861ஆம் ஆண்டு வார்ப்பிரும்புப் பாலத்தை நின்று பாருங்கள்.

ஆனால் பற்சட்டமும் பற்சக்கரமும் அங்கே கிடையாது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908இல் உதகைக்கும் முழுமையடைந்த நம் நீலகிரி மலை ரயில் பாதை, ஏறக்குறைய பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி உயரும் ஏற்றத்தைக் கல்லாறு நிலையத்துக்கு மேலே ஏறுகிறது. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. தாங்கள் இதில் வேலை பார்த்தவராதலால் அதைப் பற்றி நான் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுவிட்சர்லாந்தில் செய்த எஞ்சின்களை இத்தனை காலம் ஓட வைத்த குன்னூர்ப் பணிமனையின் கைத்திறனும், அதே வகைப் புதிய எஞ்சின்களைத் திருச்சி பொன்மலையில் கட்டி முடித்த திறனும், 2005இல் யுனெஸ்கோ அளித்த உலக மரபுத் தகுதிக்கு இணையான பெருமைகள் என்பது என் கருத்து.

கேள்வி: சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. வெளியிலிருந்து வந்து உழைத்தவர்களுக்கு அந்த வட்டாரத்தின் மரபில் இடம் கொடுத்திருக்கிறார்களா? சாப்பாட்டுக்கும் கோயிலுக்கும் என்ன வழி என்பதையும் எழுதுங்கள்.
– தேயிலைத் தோட்ட அலுவலர், கூடலூர்

பதில்: எளிதில் கொடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பஞ்சாபிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள் ஸ்மெதிக் வார்ப்படச் சாலைகளில் மிகக் கடினமான வேலைகளைச் செய்தார்கள். அதே ஊரில் மார்ஷல் தெரு வீடுகள் அவர்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று நகராட்சி முயன்றது. மதுக்கூடங்களில் நிறத்தைக் காட்டி ஒதுக்கினார்கள். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ், தாம் கொல்லப்படுவதற்கு ஒன்பது நாள் முன்பு, பிப்ரவரி 1965இல் இந்தியத் தொழிலாளர் சங்கத்தாரின் அழைப்பில் அத்தெருவுக்கு நேரில் வந்தார். இன்று முதல் உலகப் போரில் பங்கேற்ற தெற்காசிய வீரர்களுக்காக ஒரு சீக்கியச் சிப்பாயின் சிலை ஸ்மெதிக் நெடுஞ்சாலையில் நிற்கிறது. ஒப்பந்தத்தில் வந்தவர்களைக் குடியமர்த்தவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவான நம் கூடலூரிலும் குன்னூரிலும் அவர்களுக்கு இப்படி ஒரு கல்லும் இல்லாதது எனக்கு வருத்தம்.

கோயிலுக்குக் கவலை வேண்டா. டிவிடேலில் திருப்பதி ஆலயத்தை முன்மாதிரியாகக் கொண்ட வேங்கடேசுவரர் கோயில் 2006இல் குடமுழுக்குக் கண்டது. சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை: டட்லி அருங்காட்சியகத்தின் பழையகாலக் கடையில் மீனும் உருளைக்கிழங்கும் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கப்படுகின்றன. சைவ உணவினரும் மாட்டுக் கொழுப்பைத் தவிர்ப்பவரும் கையில் கட்டுச்சோறு கொண்டு செல்வதே நல்லது.

கேள்வி: என் தந்தையார் இந்துநகர் ஃபிலிம் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவருடைய அடையாள அட்டை, சீருடை, சில படச்சுருள்கள், சம்பளச் சீட்டுகள் எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கின்றன. வீடு மாறுகிறோம், இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் கேட்கிறார்கள்.
– வாசகர், உதகை

பதில்: தயவுசெய்து எறிந்து விடாதீர்கள். டட்லி அருங்காட்சியகத்தில் இன்று மக்கள் வரிசையில் நின்று பார்க்கும் பொருள்களுள் பெரும்பாலானவை தங்களிடம் இருப்பது போன்ற பெட்டிகளிலிருந்து வந்தவைதாம்; வீடுகளில் மிஞ்சியவற்றை அவ்வூர் மக்களே கொடுத்தார்கள்.

ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் தொடங்கப்பட்டு, தூசியற்ற குளிர்ந்த காற்றை நாடி உதகையில் நிலைகொண்டு, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் படச்சுருளையும் மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே ஃபிலிமையும் நாட்டுக்கு வழங்கியது. பின்னர் நலிந்து மூடப்பட்டது. ஒளி பட்டால் கெட்டுவிடும் பொருள் என்பதால் அதன் முக்கியமான வேலைகள் இருட்டிலேயே நடந்தன. தந்தையார் இருட்டில் எந்த இடத்தில் நின்றார், எதைத் தொட்டு எதை அறிந்தார், வெளிச்சத்துக்கு வந்ததும் கண் எப்படி இருந்தது என்பன எந்த ஆவணத்திலும் இரா; அவருடன் வேலை பார்த்தவர்கள் இன்னும் உதகையிலும் சுற்று ஊர்களிலும் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பொருளோடும் பெயர், பிரிவு, ஆண்டு ஆகியவற்றைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி வையுங்கள். அட்டைகளையும் சீட்டுகளையும் லேமினேஷன் செய்யாதீர்கள். பிறகு பிரிக்க இயலாது. நம் மலையின் ஈரத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்கும் என்பதால் பெட்டியைத் தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்காமல், மழைக்காலம் முடிந்ததும் நிழலில் திறந்து காற்றாட விடுங்கள். படச்சுருள்களை மட்டும் வேறு பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். அவற்றில் காடி போன்ற புளித்த வாடை வந்தால் அடிப்பொருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று அறிந்து, உடனே ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.